அண்ணன் கொடுத்த வண்டி

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "அங்காளம்மாளுக்கு அவ அண்ணன் குடுத்த கார்" என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு தரம் உச்சுக் கொட்டுவார்கள், இப்படி ஓர் அண்ணன் நமக்கு வாய்க்கவில்லையே என்று. எனக்கு வயிறு எரியும். அவன் என்ன சும்மாவா கொடுத்தான்?

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் ரோட்டை ஒட்டி எங்கள் அப்பாவுக்கு நிலம் இருந்தது. அப்பா போன பிறகு மனை போட்டு விற்கிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். அண்ணன் துளசிங்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் உட்காரவைத்து, இந்தச் சொத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டான். கூடப்பிறந்தவனிடம் பங்கு கேட்கிற பெண்ணுக்கு எங்கள் ஊரில் என்ன பேர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தாய்வீட்டுச் சீர் என்று சொல்லி, அவன் வீட்டுத் தென்னை மரத்தடியில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய பியட் காரை அனுப்பிவைத்தான். அவனுக்குப் புதுக் கார் வந்துவிட்டது. இதை விற்கலாம் என்றால் சீந்த ஆளில்லை. ஸ்டியரிங் அவ்வளவு கனம். அவன் மகன் ஒரு நாள் ஓட்டிவிட்டுக் கை வலிக்கிறது என்று சாவியைத் தூக்கி எறிந்தானாம்.

எடைக்குப் போட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். போடவில்லை. நாற்பதை நெருங்குகிற வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சம்பந்தம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். சாது. "உனக்கேன் இந்த வேலை" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆர்.சி. புத்தகம் மட்டும் அண்ணன் பேரிலேயே இருந்தது. பேர் மாற்றிக் கொடு என்று போய் நின்றால், "என்மேல நம்பிக்க இல்லியா?" என்பான். சீர் கொடுத்தவனிடம் அதற்குமேல் கேட்பது எங்களில் வழக்கமில்லை.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அப்போது வரிசையாக லேத், பிரஸ், பெயின்ட் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானம் வாயில் வைக்கிற மாதிரி ஒரு சாப்பாடு கிடையாது. நான் வீட்டில் சமைத்துப் பெரிய பெரிய கேரியரில் போட்டு, அந்த வண்டியின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அடுக்கிக்கொண்டு, பம்மல், அனகாபுத்தூர் வழியாகத் தினமும் எடுத்துக்கொண்டு போவேன். சாம்பார், ரசம், கூட்டு, வெள்ளிக்கிழமை பாயசம். எட்டு வருஷம். என் மகள் சாமுண்டீஸ்வரி காலேஜ் படித்தது அதில். அவள் கழுத்தில் காதில் போட்டிருப்பது அதில். கிளார்க் சம்பளத்தில் வந்ததென்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

சர்க்கரை வந்தது. பின்னாலேயே வலது தோள்பட்டை இறுகிப்போனது. ரவிக்கை போடக்கூடக் கையைத் தூக்க முடியாது. டாக்டர் கார் ஓட்டாதே என்றார். ஓட்டாமல் என்ன செய்ய? ஆட்டோவில் வைத்து அனுப்பினால் ரசம் பாதிதான் போய்ச் சேரும். டிரைவர் ஒருவனை வைத்தேன், அவன் மூன்றாம் நாளே வண்டியை ஒயின்ஷாப் வாசலில் நிறுத்திவிட்டான். நானே மறுபடி உட்கார்ந்தேன். ஒரு நாள் அனகாபுத்தூரில் ஒரு சந்துக்குள் எதிரே லாரி வந்துவிட்டது. பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். ஸ்டியரிங் அசைந்தால்தானே. தறி வேலை விட்டுச் சாப்பிட வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். யாரோ ஒருவர் ஏறித் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாப்பாடு தாமதம். தொழிற்பேட்டையில் சின்னதாக லேத் வைத்திருந்த கலீல் என் மூஞ்சியைப் பார்த்தான். நாக்கு நீளம் அவனுக்கு, மனசு நல்ல மனசு.

"இன்னாக்கா, வண்டியோட மல்லு கட்டினியா? கை தொங்கிப் போய் கீது."

சொன்னேன்.

"பெரிய காருக்கெல்லாம் பவர் ஸ்டியரிங்னு வருதுல்ல, அத உன் வண்டில மாட்டிடலாம்."

"இதுலயா?"

"ஏன், இதுக்கு இன்னா கொறச்சல்? எஞ்சின் கீது, நாலு சக்கரம் கீது. மிச்சத்த நான் பாத்துக்கறேன். எனக்கும் என் ஆளுங்களுக்கும் சோத்துல கழிச்சிக்கோ."

பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் அலைந்து, எங்கோ அடிபட்டு நொறுங்கிப்போன ஒரு வெளிநாட்டு வேனின் ஸ்டியரிங் பெட்டியையும் ஆயில் பம்பையும் வாங்கிவந்தான். எஞ்சின் சுற்றும்போது பெல்ட் பம்பைச் சுற்ற வேண்டும். பம்ப் ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் நமக்காகச் சக்கரத்தைத் திருப்பும். அவ்வளவுதான் விஷயம் என்றான். அந்த அவ்வளவுதானுக்கு வாரக்கணக்கில் மல்லாடினான். பெட்டி உட்காரவில்லை, தாங்கியை வெட்டி வேறு செய்து வெல்டு வைத்தான். பம்புக்கு இடமில்லை, பேட்டரியை நகர்த்தினான். முதல் தடவை பைப்புகளை இடம் மாற்றி மாட்டிவிட்டான். ஜாக்கியில் தூக்கி நிறுத்தி ஸ்டார்ட் செய்ததும், யாரும் தொடாமலே ஸ்டியரிங் கடகடவென்று சுற்றி ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"உன்ன மாதிரியே கீதுக்கா," என்றான் கலீல். "உன் அண்ணன் எந்தப் பக்கம் இஸ்தா அந்தப் பக்கம் போற இல்ல, அப்டி."

"வாய மூடிக்கினு வேலயப் பாரு," என்றேன். ஆனால் சிரித்துவிட்டேன்.

பிறகு சரியாக மாட்டினான். முழுதாகத் திருப்பினால் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுபோனது, அதையும் முறுக்கிச் சரி செய்தான். ஒரு சனிக்கிழமை சாவியைக் கொடுத்தான். தொழிற்பேட்டை ரோட்டில் எடுத்தேன். இடது கையின் இரண்டு விரல். அவ்வளவுதான். வண்டி திரும்பியது. மறுபடி திருப்பினேன். ரோடு முனைவரை போய் ஒரே வீச்சில் வளைத்துக்கொண்டு வந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு வெளியே வந்து பார்த்தார்கள். என் ஆயுசில் எனக்கென்று எவனும் ஒன்றைச் செய்து கொடுத்ததில்லை. அந்த சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்று நினைத்தேன்.

அந்த மாதமே சாமுண்டீஸ்வரிக்கு இடம் அமைந்தது. செங்கல்பட்டு, மாப்பிள்ளைக்கு பேங்கில் வேலை. நாள் குறிப்பதற்காக அண்ணன் வந்திருந்தான். நான் வண்டியை ஒற்றைக் கையால் வளைத்து வாசலில் விட்டதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாடி இது? வண்டிக்கு இன்னா பண்ண?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், பாழாய்ப்போன வாய். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு ரவுண்டு போனான். திரும்பி வரும்போது அவன் முகமே வேறாக இருந்தது.

"வெண்ண மாதிரி போவுது. எங்க வூட்டு மருமவ கார் ஓட்டக் கத்துக்கணும்ன்றா. புது வண்டிய குடுத்தா எங்கனா இட்சிடும். இது கொஞ்ச நாள் நம்ம வூட்ல நிக்கட்டும்."

"இத வச்சிதாண்ணா நான் பொழைக்கிறேன்."

"நான் குடுத்த வண்டிதான?"

"நெலத்துக்குக் குடுத்த வண்டி," என்றேன்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் சொன்னேன். அவன் காபியைத் தொடாமல் எழுந்து போனான்.

எங்களில் கல்யாணப் பத்திரிகையை முதலில் தாய்மாமன் வீட்டில்தான் வைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு நானும் அவரும் போனோம். அண்ணன் கையை நீட்டவில்லை. தட்டு என் கையிலேயே இருந்தது.

"வண்டியக் குடுக்க மனசு வர்ல. தட்ட மட்டும் தூக்கிகினு வந்துட்ட. அந்த மெக்கானிக்க இட்டுகினு போய் மேடைல நிக்க வையி, அவன் பட்டம் கட்டட்டும்."

தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவர வேண்டும். மாமன் உயிரோடு இருந்தும் வரவில்லை என்றால், அந்தப் பெண்ணிடம் என்ன குறை என்றுதான் ஊர் கேட்கும். அவனுக்கு அது தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கும் சேதி எப்படியோ போய், "மாமன் இல்லாம எப்படிங்க?" என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் "குடுத்துத் தொலையேன்" என்றார். அவரை நான் கணக்கில் வைக்கவில்லை. சாமுண்டீஸ்வரி எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒரு ஓட்டக் காருக்காக என் கல்யாணத்த சந்தி சிரிக்க வைக்கப் போறியாம்மா?" என்றாள்.

மறுநாள் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். சாவியை அண்ணியிடம் கொடுத்தேன். கல்யாணம் முடிந்ததும் தர வேண்டும் என்றேன். "உன் வண்டிய நாங்க இன்னா துன்னவா போறோம்?" என்றாள் அண்ணி. பஸ்ஸில் திரும்பினேன். சாப்பாட்டை ஆட்டோவில் அனுப்பினேன். கல்யாணத்துக்குள் பெரிய கம்பெனிகள் இரண்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் மேளம் திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். என் வண்டி. புதுசாகப் பெயின்ட் அடித்து, மூக்கிலிருந்து முதுகுவரை சிவப்பு ரிப்பன் கட்டி, பூமாலை போட்டு நின்றது. அண்ணன் பட்டு வேட்டியோடு இறங்கினான். மைக்கில் ஒருவர் படித்தார், "தாய்மாமன் துளசிங்கம் அவர்கள் மணமக்களுக்குச் சீராகக் கார் ஒன்று அளிக்கிறார்." மண்டபமே கைதட்டியது. செங்கல்பட்டுக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

"ஆரத்தி எடு, அங்காளு. வண்டிக்குச் சுத்திப் போடு," என்று யாரோ ஒரு கிழவி தட்டை என் கையில் திணித்தாள். என் வண்டிக்கு நானே ஆரத்தி எடுத்தேன். தோள் வலித்தது. மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, பவர் ஸ்டியரிங் வேற போட்டிருக்கீங்க" என்றார்.

"மாப்ளைக்குக் கை வலிக்கக் கூடாதுல்ல," என்றான் அண்ணன். "ஆர்.சி.யும் உங்க பேருக்கே மாத்தியாச்சு."

எட்டு வருஷம் எனக்கு மாறாத பேர்.

போட்டோ எடுக்கும்போது அவன் பக்கத்தில் நிறுத்தினார்கள். சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்.

"நெலம் ஒன்னுதாண்ணா வாங்கின. அதுக்கு ஒரே கார ரெண்டு தபா குடுத்துட்ட. உன் கெட்டிக்காரத்தனம் யாருக்கும் வராது."

"உன் பொண்ணுக்குத்தானடி குடுத்தேன்? ஊருக்கா குடுத்தேன்?" என்றான். என் பெண்ணுக்குத்தான் கொடுத்தான். அதில் ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது.

பிறகு சாப்பாட்டு வேலை மெல்ல மெல்லத் தேய்ந்தது. பஸ்ஸில் கேரியரை ஏற்றக் கண்டக்டர் விடமாட்டார். விட்டாலும் என் தோள் தூக்காது. கடைசியில் கலீல் பட்டறையும் பக்கத்தில் இரண்டு பட்டறைகளும்தான் மிச்சம். "உனக்காகச் செஞ்சேன்க்கா. எவன் எவனோ திருப்பறான்," என்றான் கலீல். அதற்கப்புறம் அவன் வண்டிப் பேச்சே எடுப்பதில்லை.

ஆடிக்குப் பெண்ணை வீட்டுக்கு அழைத்தோம். தாம்பரம் ஸ்டேஷனில் பையோடு இறங்கி வந்தாள்.

"ரயில்லயா வந்த? வண்டி எங்கடி?"

"அது கவர் போட்டு நிக்குதும்மா. அவரு பேங்குக்கு பைக்லதான் போறாரு. பெட்ரோல் கட்டுப்படியாகலியாம்."

"அப்ப யார் ஓட்டறது?"

"யாரும் ஓட்டறதில்ல. மாமியார் அது மேலதான் வடாம் காயப் போடறாங்க." சிரித்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சத்தான் செய்தேன், அதில் என்ன வெட்கம்.

"சாமு, சும்மாதான நிக்குது. எனக்குக் குடுக்கச் சொல்லேன். நான் மறுபடி ஆரம்பிச்சிடுவேன். உங்களுக்கு எப்ப வேணுமோ அப்ப எடுத்துக்கோங்க."

அவள் கையை உருவிக்கொண்டாள். கோபமில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள், அதுதான்.

"எப்படிம்மா கேப்பேன்? சீர் குடுத்ததத் திருப்பிக் கேக்கறாங்கன்னு அவங்க வூட்ல பேசமாட்டாங்களா? மாமாவுக்கு எவ்ளோ கேவலம்?"

"அது யாரு வண்டிடி?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீ. மாமா குடுத்தது," என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.