கலையரசன் நின்ற விதம்

செங்கம் சாலையில் டிபன் கடை வைத்திருந்த கலையரசன் மூன்று வருடம் உட்காராமல், தூங்காமல் அண்ணாமலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் டவுன் பஸ்ஸைவிட வேகம். பிடித்து நிறுத்தப் போனவர்கள் கையில் சட்டைத் துணிதான் மிஞ்சியது. வேகம் ஒரு படி குறையும்போதெல்லாம் அவர் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று கிளம்பிச் சுவர், மரம், மனிதர் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும்; அப்போது வழியிலுள்ள டீக்கடைகளில் அடுப்பு பற்றவைக்காமலே பால் பொங்கும். பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேஸ் மிச்சம் என்று கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். "இன்னாண்ணே, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டவர்களும் உண்டு.

அவர் சுற்ற ஆரம்பித்தது ஒரு பௌர்ணமியன்று. காலையில் வீட்டில் சண்டை. மனைவி அறிவுமதி ஒரு வாரம் தாய்வீடு போய்வருகிறேன் என்றதற்கு, "போறதுன்னா மொத்தமா போ" என்றுவிட்டார். ஆனாலும் வேண்டுதலை விடக்கூடாதென்று இருவரும் கைகோத்துக் கிரிவலம் கிளம்பினார்கள். கோபக்காரர் நடை வேகமாயிற்று. பாதி வழிக்கு மேல், அடி அண்ணாமலை கோயில் பக்கத்துக் கூட்டத்தில் கை நழுவியது. வேண்டுமென்றே உதறிவிட்டார் என்று அறிவுமதி தாய்வீடான கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். கூட்டம் அவளை முன்னால் தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று கலையரசன் எட்டிப்பிடிக்கப் போனார். வட்டப் பாதையில் முன்னால் போனவளைத் தேடுகிறவருக்கு நிற்க இடமேது?

அவருடைய தங்கை கீதாஞ்சலி வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அணுக்கருக்களை ஆராய்கிறவள். அணுக்கருவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு கருக்களை மோதவிட்டால் அவை ஒன்றாகிச் சுழலும். பிறகு படிக்கொரு காமாக் கதிரை விட்டுக்கொண்டே வேகம் குறைந்து இறங்கும். அந்தக் கதிர்களின் வலுவை அளந்துதான் கரு எலுமிச்சைபோல் உருண்டையா, வேர்க்கடலைபோல் நீண்டதா, உள்ளே ஜோடி ஜோடியாக இருக்கும் துகள்கள் பிரிந்துவிட்டனவா என்றெல்லாம் சொல்கிறார்கள். அவளுக்கு லீவு கிடைத்தது மூன்றாம் வருடம்தான். கருவியோடு வந்து இறங்கினாள். அதைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசிக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் கொடுத்தார்கள். சாலையோரம் வைத்துப் பார்த்தபோது, திரையில் கோடுகள் வேலிக்கம்பு நட்டதுபோல் சீராக எழுந்தன. அண்ணன் இறங்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஜோடி பிரிந்த கோடுகள் அவை. இப்படியே போனால் சுழற்சி நிற்கிற கடைசிப் படி அவருக்குக் கிட்டாது. ஆயுசுக்கும் சுற்ற வேண்டியதுதான்.

கீதாஞ்சலி கீழ்பென்னாத்தூர் போய், கடலை உரித்துக்கொண்டிருந்த அண்ணியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"கைய விட்டவரு உங்க அண்ணன்தான்," என்றாள் அறிவுமதி.

"விடல அண்ணி. சுத்துற வேகம் ஜாஸ்தியானா எப்பேர்ப்பட்ட ஜோடியும் பிரிஞ்சிடும். கருவுக்குள்ளயே அப்படித்தான். நீங்க வராம அவரு நிக்க மாட்டாரு."

"மூணு வருஷம் கடையப் போட்டுட்டு ஊர் சுத்தினவருக்கு நான் போயி ஆரத்தி வேற எடுக்கணுமா?"

சொன்னாளே தவிர, மறுநாள் காலையில் செங்கம் சாலையில் வந்து நின்றாள். சுற்றுக்குச் சுற்று தளர்ந்து வந்த கலையரசன் அவளைக் கண்டதும் சட்டென்று வேகமெடுத்துக் கடந்து போனார்.

"பொண்டாட்டியப் பாத்ததும் எடுத்தான் பார்யா ஓட்டம்!" என்று ஆட்டோக்காரர் அப்பாசாமி கத்த, சாலையே சிரித்தது. அறிவுமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கீதாஞ்சலி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள். இறங்கிவரும் கருவில் பிரிந்த ஜோடி திரும்பச் சேரும் இடம் ஒன்று உண்டு. சேருகிற அந்த நேரத்தில் மட்டும் கரு கொஞ்சம் வேகமாகச் சுழலும்.

"இது போற வேகமில்ல அண்ணி, வர்ற வேகம். ஒரே ஒரு சுத்து இருங்க."

பஸ் நின்றது, கிளம்பியது. அறிவுமதி ஏறவில்லை.

வெயில் தாழ, டவுன் பக்கமிருந்து ஒருவர் எல்லோரையும்போல நடந்து வந்து அவள் எதிரில் நின்றார். முகமெல்லாம் புழுதி.

"எங்க போன? நீ முன்னாடி போறேன்னு நெனச்சேன்."

"ஒரு தடவ திரும்பிப் பாக்கத் தோணலையா?"

"தோணுச்சு. காலு கேக்கல."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். பின்னால் வந்த கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது.

"ஓரமா நின்னு பேசுங்கம்மா, ஜனம் போவணும்ல," என்றார் ஒருவர்.

இரண்டு பேரும் ஓரமாகப் போய் நின்றார்கள்.