பின்னாலிருந்து வந்த குரல்

திரையில் பந்து மறுபடியும் அவனை நோக்கி உருண்டு வந்தது. மறுபடியும் அவன் வலது காலைத் தூக்கி அதை அடியில் போகவிட்டான். கோச் ரிமோட்டை அமுக்கிக் காட்சியை அந்த இடத்திலேயே நிறுத்தினார். வழியில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பவனைப் போல ஒரு காலைத் தூக்கியபடி அவன் திரையில் நின்றுகொண்டிருந்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை. அறை முழுக்க வலி மருந்தின் நெடி. வெளியே மற்றவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடும் காலடிச் சத்தம் வந்து வந்து போயிற்று. திங்கட்கிழமைகளில் அவனும் அவர்களோடு ஓடவேண்டியவன்.

"ஏன் விட்டே?" என்றார் கோச்.

"கணக்கு தப்பிடுச்சு சார்."

"உனக்கா?"

அந்த ஒரு சொல்லில் பாராட்டும் இருந்தது, சந்தேகமும் இருந்தது. கிளப்பில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். பந்து தன்னிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு தடவையாவது தோளுக்கு மேல் தலையைத் திருப்பி, பின்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவான். நடுக்களத்தில் ஆடுகிறவனுக்குச் சோறு போடுவதே அந்தப் பழக்கம்தான். பந்தைத் தொட்ட பிறகு யோசிக்கிறவனை மூன்று பேர் வந்து மொய்த்துவிடுவார்கள். பத்தொன்பது வயதில், முதல் சீசனிலேயே, ஒரு மூத்த ஆட்டக்காரருக்குத் தொடை பிடித்துக்கொண்டபோது அவருக்குப் பதிலாக இறங்கினான். அவர் குணமாகி வந்து பார்த்தால் அவர் இடம் அவர் இடமாக இல்லை. சீசன் முடிந்ததும் நீண்ட ஒப்பந்தம் போடுகிறோம் என்று செயலாளரே வாயால் சொல்லியிருந்தார். அவர் வாயைத் திறந்து அப்படி எதையும் சொல்லிவிடுகிற ஆள் இல்லை.

கோச் காட்சியை மேலே ஓடவிட்டார். இதுவரை அந்த இடத்தைத் தாண்டி அவர் ஓடவிடவில்லை. பந்து அவன் காலடியைக் கடந்து போகிறது. பின்னாலிருந்து எதிரணி ஆள் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அவன் கூடவே, அவனுக்கு இடது பக்கமாக, கையை லேசாக நீட்டியபடி இவனும் ஓடுகிறான். நாலு எட்டு இருக்கும். பிறகு சட்டென்று நின்றுவிடுகிறான். அதற்குள் பந்து கோலுக்குள் போய்விட்டது.

"துரத்தலை நீ," என்றார் கோச். "பாஸ் வாங்கறதுக்கு ஓடறே. எதிராளிகிட்டேருந்து."

அந்த எதிராளி அவனுடைய அண்ணன். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆட்டத்துக்கு முன்னால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோகூட எடுத்தார்கள்.

உண்மையில் கணக்கு எதுவும் தப்பவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில், இரண்டு பக்கமும் கோல் இல்லாத நேரத்தில், அவனுடைய தடுப்பாட்டக்காரன் அந்தப் பந்தை அவனுக்குத் தள்ளினான். அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அண்ணன் கொஞ்சம் தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். இரண்டாவது தடவை தலையைத் திருப்புவதற்குள் குரல் வந்துவிட்டது.

"விடு, எனக்கு."

அந்தக் குரலுக்கும் அவன் காலுக்கும் நடுவே மூளைக்கு வேலையே கிடையாது. அவர்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில், தூண்களுக்கு நடுவில்தான் இருவரும் ஆடி வளர்ந்தார்கள். பாதி விளக்குகள் எரியாது. எந்தத் தூணுக்குப் பின்னால் யார் என்று தெரியாது. காதை வைத்துக்கொண்டுதான் ஆடவேண்டும். அண்ணனுக்கு அவனைவிட ஒன்பது வயது அதிகம். அண்ணனுடைய கூட்டாளிகள் எல்லாம் மீசை முளைத்தவர்கள். அவர்களுக்கு நடுவே அண்ணனின் இடுப்பு உயரம்கூட இல்லாத இவன் ஓடிக்கொண்டிருப்பான். விடு, எனக்கு என்றால் விட்டுவிட வேண்டும். விட்டால் பின்னால் அண்ணன் இருப்பான். ஒருநாளும் இல்லாமல் போனதில்லை. பந்தை எடுத்துக்கொண்டு அண்ணன் ஓடுவான், இவன் இடது பக்கமாகக் கூடவே ஓடுவான், திரும்ப இவனுக்கே வந்து சேரும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஓடினான். எவரிடமும் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நாலு எட்டிலும் அவன் சந்தோஷமாக இருந்தான். நன்றாக வாங்கிக்கொண்டான் அண்ணன் என்று நினைத்தான். சட்டையின் நிறம் அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது.

கோச் திரையை அணைத்துவிட்டு அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வெளில பேசிக்கறது உன் காதுக்கும் வந்திருக்கும். அண்ணனும் தம்பியும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டாங்கன்னு. நான் நம்பலை. ஆனா நான் நம்பறதை வெச்சு ஆபீஸ்ல ஒண்ணும் ஆகப்போறதில்லை. அவன் குரல் கொடுத்தானா?"

அவன் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதிரணிக்காரனைக் கூப்பிட்டு ஏமாத்தறது குத்தம். நடுவர் காதுல விழலை, போகட்டும். நீ சொன்னா நாங்க புகார் கொடுப்போம். அவனைக் கொஞ்ச நாளைக்கு ஆடவிட மாட்டாங்க. நீ தப்பிச்சுடுவே. சொல்லலைன்னா, நீயா விட்டதா ஆகும். புதன்கிழமை கேப்பாங்க. யோசிச்சுட்டு வா."

இருபத்தெட்டு வயதில், முழங்கால் தேய்ந்த ஒருவனைக் கொஞ்ச நாள் ஆடவிடவில்லை என்றால் அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். கோச்சுக்கும் அது தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனான். பஸ்ஸில் போகும்போதே கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அண்ணிதான் கதவைத் திறந்தாள். நிறைமாதம். ஒரு கையை இடுப்பில் கொடுத்தபடி, "வாங்க தம்பி, இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம்," என்றாள். பேசியிருக்க மாட்டார்கள். அண்ணன் கூடத்துத் தரையில் சுவரோடு சாய்ந்து, நீட்டிய முழங்காலின்மேல் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை வைத்துக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். ஓடாத டிவிக்கு எதற்கு அது என்று பிறகுதான் அவனுக்கே உறைத்தது, ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"இவருக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிட்டாங்க தம்பி," என்றாள் அண்ணி, டீயை நீட்டியபடி. "காலையிலதான் போன் வந்துச்சு. நல்லவேளை, கைக்குழந்தையோட வீடு மாத்த வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் மூட்டையைக் கட்டிக் கட்டி என் முதுகே போச்சு." சொல்லிவிட்டு அவள் பால்கனிக்குத் துணி எடுக்கப் போனாள்.

இருவரும் டீயைக் குடித்தார்கள். அண்ணன் தலையில் முன்பக்கம் முடி கொட்டியிருப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். மைதானத்தில் தெரியவில்லை.

"பழக்கத்துல வாயில வந்துடுச்சுல்ல?" என்றான்.

அண்ணன் ஆமாம் என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். ஆமாம்டா, உன்னைப் பார்த்ததும் வந்துடுச்சு என்று ஒரு வார்த்தை. பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதை மடியில் கட்டிக்கொண்டு அவன் எந்த ஆபீசுக்கும் போய் நின்றிருப்பான்.

அண்ணன் பட்டாணிப் பாக்கெட்டைத் திருப்பி வைத்தான்.

"இல்லடா."

பால்கனியில் அண்ணி கிளிப்புகளை டப்பாவில் போடும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கால் ஓடலை. நீ பந்தை வாங்கித் திரும்பிட்டா என்னால புடிக்க முடியாது. உங்க கோச் என்னைக் குறிவெச்சுத்தான் உன்னை அந்தப் பக்கம் நிக்க வெச்சிருந்தாரு, எனக்குத் தெரியும். என்னை வெளிய எடுத்துட்டு எறக்கறதுக்கு பெஞ்சுல ஒரு பையனை வார்ம்-அப் பண்ணச் சொல்லிட்டாங்க. அப்பத்தான்." அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "வேற யாரா இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். அவங்க விட மாட்டாங்க. நீ விடுவேன்னு தெரியும்."

அவனுக்கு அழவேண்டும் போல இருந்தது. அடித்திருந்தால் வலித்திருக்கும், அதோடு போயிருக்கும். இது அப்படிப் போகிற வலியில்லை. உலகத்தில் எந்த ஒருவன் சொன்னால் இவன் திரும்பிப் பார்க்காமல் விடுவானோ, அவனே அந்த நம்பிக்கையை எடுத்துச் செலவு செய்துவிட்டான். செய்துவிட்டு, மறைக்காமல் சொல்லவும் சொல்கிறான். அண்ணன் நாணயமான ஆள்தான், எப்போதும்.

"நாளைக்கு என்னடா சொல்லப்போறே?" என்று கேட்டான் அண்ணன்.

கேட்டபோது அவன் முகத்தில் பயம் இருந்தது. அப்பா இறந்துபோன வாரத்தில்கூட அண்ணன் முகத்தில் அதைப் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. டீ டம்ளரைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு, அண்ணியிடம் சொல்லிக்கொண்டு இறங்கினான். மாடிப்படித் திருப்பத்தில், மேலே ஏறி வந்த யாரோ ஒரு அம்மா ஒதுங்கி வழிவிடும் அளவுக்கு அவன் அழுதுகொண்டிருந்தான்.

புதன்கிழமை நடந்தது அதிக நேரம் பிடிக்கவில்லை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் செயலாளரும் இன்னொருவரும், ஓரத்தில் கோச். செயலாளர் வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"அவன் கூப்பிட்டானா, இல்லையா?"

"யாரும் கூப்பிடலை சார். நானாத்தான் விட்டேன்."

"அண்ணன்னு பாத்து விட்டியா?"

எந்தப் பதிலைச் சொன்னாலும் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

"அப்ப எங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்கு ஆடியிருக்கே," என்றார் செயலாளர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. விஷயத்தை வெளியே விடமாட்டோம் என்றார். ஒப்பந்தம் சீசனோடு முடிகிறது, முடியட்டும் என்றார். அதுவரைக்கும் பெரிய அணியோடு பயிற்சிக்கு வரவேண்டியதில்லை. வேறு கிளப்புகள் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்கிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லாமலே புரிந்துவிடும். நடைபாதையில் கோச் பின்னாலேயே வந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பொய் சொல்லக்கூட உனக்குத் தெரியலைடா," என்றார். தோளை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனார்.

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வீட்டுக்கு வந்தான். கிளப் போனதையும் சொல்லிவிட வேண்டும், எதனால் போனது என்பதையும். ஒரே ஒருத்தருக்காவது தெரிந்திருக்கட்டும். அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாளெல்லாம் மடித்தது போதாதென்று, மொட்டை மாடியிலிருந்து வீட்டுப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒன்றின் முனைகளை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். விரிப்பு இருவருக்கும் நடுவே விறைத்து நின்றது.

"அம்மா," என்றான்.

"பெரியவனுக்கு எழுதிட்டாங்களாம், போன் பண்ணினா உங்கண்ணி," என்றாள் அம்மா. அவள் முகம் பூரித்திருந்தது. "அன்னிக்கு லாண்டரியில எல்லாரும் சேந்து போன்ல பாத்தோம்டா. உங்க சின்னவன் கோட்டை விட்டுட்டான்னு சொன்னாளுங்க. பந்தைப் பத்தி இவளுங்களுக்கு என்ன தெரியும். நான் சொன்னேன், அவன் கோட்டை விடலை, அண்ணனுக்குக் கொடுத்தான்னு. காலைத் தூக்கினியே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவன் கையிலிருந்த முனைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தான். அம்மாவும் சேர்த்தாள். இரண்டு பேரும் ஓர் எட்டு முன்னால் வந்தார்கள்.

"அவனுக்கும் வயசாகுது. புள்ள வேற பொறக்கப்போகுது. நான் செத்தப்புறம் நீங்க ரெண்டு பேரும் எப்படி இருப்பீங்களோன்னு ராத்திரியில நெனச்சுக்குவேன். இனிமே அந்தக் கவலை இல்லை." விரிப்பில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை அவள் எடுத்துக் கீழே போட்டாள். "உனக்கென்னடா, இனிமேதானே எல்லாம்."

இன்னொரு மடிப்பு. இன்னும் ஓர் எட்டு. அம்மாவின் மூச்சு அவன் கைமேல் பட்டது. கிளப் போனதை இப்போது சொன்னால்தான் உண்டு. அம்மா தன் பக்கத்து முனைகளை இடது கையில் சேர்த்துக்கொண்டு, அவனுடையதை வாங்க வலது கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. விரல்கள் துணியை இறுக்கிப் பிடித்திருந்தன. அம்மா இழுக்கவில்லை. நீட்டிய கையோடு, அவன் முகத்தைப் பார்த்தபடி, காத்துக்கொண்டிருந்தாள்.