வெள்ளிக்கிழமைக் கட்டலினா

மிஹ்லார் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்க்கத் தேய்க்க, முஸம்மிலின் இடக்கை நகங்களில் இருந்த சிவப்பு இன்னும் பளபளத்ததே தவிர அசைந்து கொடுக்கவில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டுவதற்காக வீட்டின் பின்புறம் சேலைகளால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். வாளித் தண்ணீரில் இலந்தை இலை மிதந்தது. பலகையில் கிடந்த நானாவின், தன் அண்ணனின், கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மிஹ்லார் வியர்த்து வழிந்தான். பாலாவியில் லொறி ஓட்டுகிறவன், எத்தனையோ வருடத்துக் கிறீஸைக் கையிலிருந்து கழுவியவன். இந்த நகங்களோடு தோற்றுக்கொண்டிருந்தான்.

குளிப்பாட்ட வந்திருந்த பள்ளிவாசல் லெப்பை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மறைப்புக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒரு நோட்டம் விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இது... கியூடெக்ஸா?"

மறைப்புக்கு இந்தப் பக்கம், குசினி வாசலில் நின்றிருந்த மர்ஷூதாவின் காதில் அது விழுந்தது. நேற்றுப் பின்னேரத்திலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருசன் மௌத்தான வீட்டில் பெண்சாதி சிரித்தால் ஊர் சும்மா இருக்குமா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே சிரிப்பு அழுகையாகிப் போனது. பக்கத்தில் நின்ற மகள் பஹ்மா ஒன்றும் விளங்காமல் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கியூடெக்ஸ் இல்ல லெப்பை, பெயின்ட். நானா பிளேன் செய்யிறவர்தானே" என்றான் மிஹ்லார்.

"பிளேனா?"

"சின்னப் பிளேன். பெட்டியில துண்டு துண்டா வரும். ஒட்டி, பெயின்ட் அடிச்சு அலுமாரிக்கு மேல வைப்பார்."

ஊருக்கு வந்து சில மாதமேயான லெப்பைக்கு மூச்சு வந்தது. "நல்லது. ஆனா எதா இரிந்தாலும் இது நகத்தில படையா நிக்கிது. தண்ணி போகாது. மருதோண்டி எண்டா பரவாயில்ல, அது சாயம் மட்டும்தான். இத எடுக்காம குளிப்புச் சேராது தம்பி." கொஞ்சம் தயங்கினார். "வேற வழியில்லாட்டி ஒரு பிளேட் கொண்டு வாங்க. மெல்லமாச் சொரண்டிப் பார்ப்பம்."

பிளேட் என்றதும் மர்ஷூதாவின் அழுகை நின்றுவிட்டது. மையித்துக்கும் நோகும், அதனால்தான் தண்ணீரைக்கூடப் பார்த்து ஊற்ற வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். அந்தக் கையில் பிளேடு படக் கூடாது. நகத்துப் பெயின்டோடு, குறைக் குளிப்போடு அவர் கபுருக்குப் போகவும் கூடாது. நண்பகல் லுஹர் தொழுகையோடு ஜனாஸாத் தொழுகை என்று பள்ளியில் அறிவித்தாயிற்று. இருப்பது கொஞ்ச நேரம். அதற்குள் இந்த இரண்டில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயிரோடு இருந்தவரையில் இந்தப் பிரச்சினையை அவர் அவளிடம் விட்டதே இல்லை. பாங்குக்கு முன்னால் எந்த வேலையானாலும் அப்படியே நிற்கும். தின்னர் போத்தலைத் திறந்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் நகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொழுகைக்குக் கைகால் கழுவும் வுளூ எடுப்பார்; நகத்தில் பெயின்ட் இருந்தால் அதுவும் சேராது. அந்தத் தின்னர் மணம் வீட்டுக்குள் பரவினால் பாங்கு கிட்ட வந்துவிட்டது என்று அவள் அடுப்பைக் குறைப்பாள். வாய் மட்டும் ஓயாமல் ஏசிக்கொண்டிருக்கும். கறி மணக்க வேண்டிய வீடு கராஜ் மாதிரி மணக்கிறது என்பாள்.

நேற்றுப் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி முடிந்தும் மணமும் வரவில்லை, குழாய்ச் சத்தமும் வரவில்லை. "இங்கேருங்க, காது கேக்கல்லையா?" என்று ஏசுவதற்காகவே அறைக்குப் போனாள். மேசையில் தலை சாய்ந்திருந்தது. தின்னர் போத்தல் சரிந்து கிடந்தது, இருந்த தின்னர் முழுவதையும் மேசை விரிப்பு குடித்துவிட்டிருந்தது. கவிழ்ந்த சின்னப் பெயின்ட் டின்னுக்குப் பக்கத்தில் இடக்கை சிவப்பில் கிடந்தது. முதலில் இரத்தம் என்றுதான் கத்தினாள். ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள். கொண்டுபோய்க் கொண்டுவந்த பதற்றத்தில் யாரோ கையைத் துணியால் துடைத்தார்கள். தோல் சுத்தமானது, நகங்களில் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இரவோடிரவாக அது காய்ந்து இறுகிவிட்டது.

அந்தச் சிவப்பு மாலைதீவின் சிவப்பு.

கலியாணம் முடித்த மறுவருடமே மாலைதீவுக்குப் போனவர் முஸம்மில். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு தீவில் ஏசி திருத்தும் வேலை. வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து அவர் கோல் எடுப்பார் என்று, கைக்குழந்தை பஹ்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு புத்தளம் டவுனில் கொமினிகேஷன் கடை வாசலில் மர்ஷூதா காத்து நிற்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் கடல்விமானம் ஒன்று எழும்பும். அவர் கதையை நிறுத்திவிட்டு ரிசீவரை வெளியே நீட்டுவார். அவள் காதில் ஒரே இரைச்சல்.

"கேட்டிச்சா? கடல்லயே ஓடிக் கடல்லயே எழும்புது. வெள்ளைக்காரன இந்தத் தீவுல எடுத்து அந்தத் தீவுல வைக்கிது. அப்பிடியே வடகிழக்கால திரும்பினா நம்மட புத்தளக் களப்புத் தண்ணிதான்."

"திருப்பச் சொல்லுங்களன்" என்பாள் மர்ஷூதா.

அவர் சிரிப்பார். அவள் சிரித்ததில்லை. பஹ்மா காய்ச்சலில் கிடந்த வெள்ளிக்கிழமைகளும் அதில் உண்டு. கடையில் ஆள் நின்றதால் அவற்றைச் சொல்லாமலே ரிசீவரை வைத்த நாட்களும் உண்டு. சேர்ந்திருந்த வருடங்களைப் பிரிந்திருந்த வருடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு எரியும்.

மகளைச் சிலாபத்தில் கட்டிக் கொடுக்கும் நேரம்தான் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, பிளேன் பெட்டிகளோடு உட்கார்ந்துவிட்டார். போன மாதம் துபாயிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது ஒரு பழைய யுத்தகாலக் கடல்விமானம். பெயர் கட்டலினா. பெயரைக் கேட்டதிலிருந்து மர்ஷூதாவுக்குப் பொழுதுபோக்கு அதுதான்.

"எங்கட ஆள் கட்டலினாவோட அறைக்குள்ள இரிக்கிறார்" என்று வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பெண் அல்பொன்சாவிடம் சொல்வாள்.

"எங்கட வேதத்துப் பேர் மாதிரி இரிக்கே அக்கா, கவனம்!" என்பாள் அல்பொன்சா.

பெட்டியில் வந்த ஒட்டுப் படங்கள், அந்த விமானத்தை உண்மையாகவே வைத்திருந்த நாடுகளுடையவை. முஸம்மில் அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார். இல்லாத ஒன்றை இருந்ததாக வைத்துச் செய்வதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று போனில் படம் காட்டினார். தன் கட்டலினாவை அவர் மாலைதீவு விமானப்படையுடையதாக்கினார்: அந்த நாட்டுக் கொடியின் நிறங்களில், இறக்கையில் பெரிய சிவப்பு வட்டம், அதற்குள் பச்சை, நடுவில் வெள்ளைப் பிறை. அதற்கு ஒட்டுப் படம் எந்தக் கடையிலும் கிடைக்காது, கையால்தான் வரைய வேண்டும்.

"மாலைதீவில ஏது விமானப்படை? நீங்க அங்கதானே இரிந்தீங்க, கண்டீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"காணல்ல. அதாலதான் நான் செய்யிறன்."

"செஞ்சு?"

"இது இரிந்திருந்தா வியாழக்கிழமை பின்னேரம் வேல முடிஞ்சு ஏறியிருப்பன். ராவைக்குக் களப்பில எறக்கி விட்டிருக்கும். வெள்ளிக்கிழமை முழுக்க இங்கதான். எல்லா வெள்ளிக்கிழமையும்."

"பட்டாளத்துப் பிளேன்ல ஏசி திருத்துற பாஸ ஏத்துவாங்களா?"

அவர் தூரிகையை வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். "பட்டாளத்துக்கும் வேர்க்கும்தானே" என்றார்.

அவள் அன்றைக்கும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தின்னர் மணத்துக்கு ஏசுவதைக் கொஞ்சம் குறைத்திருந்தாள்.

"மர்ஷூதா அக்கா."

அல்பொன்சா குசினிப் பக்கமாக வந்து நின்றாள். மறைப்புக்குள் நடந்த கதை வேலி தாண்டி அவளுக்கும் கேட்டிருந்தது. முக்காட்டைப் போல சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டிருந்தாள். கையில் ஒரு சின்னப் போத்தலும் பஞ்சும்.

"கியூடெக்ஸ் அழிக்கிற மருந்து. என்ட மகள்ட. எந்தப் பெயின்டும் கரையும் அக்கா. போன மாசம் கதவுப் பெயின்டையே இதால எடுத்தவள்."

பஹ்மா போத்தலை வாங்கி மறைப்புக்குள் நீட்டப் போனாள். மர்ஷூதா அதைப் பறித்துக்கொண்டாள்.

"நான் செய்யிறன்."

சேலையை விலக்கி அவள் உள்ளே வந்ததும் மிஹ்லார் எழுந்துவிட்டான். அவன் முகத்தில் கவலையும் குழப்பமும். "மச்சி, நீங்க இப்ப நானாவத் தொடலாமா? மௌத்தோட நிக்காஹ் முறிஞ்சிட்டு எண்டு சொல்றாங்களே."

மர்ஷூதா போத்தலை இறுகப் பிடித்துக்கொண்டு லெப்பையைப் பார்த்தாள். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

"ஆரு சொன்ன?" என்றார் லெப்பை. "பொஞ்சாதி புருசனக் குளிப்பாட்டவே செய்யலாம். கிதாபுல இரிக்கி. நகம் துடைக்கிறதுக்கு என்ன? வாங்க தங்கச்சி."

அவர் எழுந்து அந்தப் பக்கம் போய் வாளிகளைச் சரிசெய்வதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மிஹ்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

மர்ஷூதா கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். குளிர்ந்து போயிருந்தது. பஞ்சில் ஊற்றி, பெருவிரல் நகத்தின் மேல் வைத்து அழுத்தாமல் பிடித்துக்கொண்டாள். மூக்கைத் துளைக்கும் மணம். அவருடைய தின்னர் மணம் இல்லை, ஆனால் அதற்குச் சொந்தம். பஞ்சை எடுத்தபோது சிவப்பு குழைந்து வந்தது. அடியில் நகம் தெரிந்தது. அவருடைய நகம்தான், நடுவில் கோடு விழுந்த அதே நகம்.

"நோகுதா?" என்று கேட்டாள்.

மிஹ்லார் வாய்விட்டு அழத் தொடங்கினான். லெப்பை அவனைத் தடுக்கவில்லை.

ஆள்காட்டி விரல், நடுவிரல். அவள் அவசரப்படவில்லை. இவ்வளவு நேரம் இந்தக் கையைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. லீவில் வந்தால் கை நிறையச் சாமான், திரும்பிப் போகும்போது கை நிறையப் பெட்டி. பிறகு பிளேன். நகத்தோடு தோல் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு பிடிவாதமாக நின்றது. பஞ்சு அதற்குள் போகவில்லை. தன் நகத்தில் மருந்தைத் தொட்டு, நுனியால் மெதுவாக எடுத்தாள். சின்னவிரல்வரை அப்படியே செய்தாள். கடைசியில் அந்தக் கையைத் தூக்கி, அவர் செய்வதைப் போலவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"லெப்பை, பாருங்க. இன்னும் இரிக்கா?"

அவர் வந்து நன்றாகப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். சுத்தம். இனித் தண்ணி போகும்."

அவள் கையைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். பின்னால் முதல் வாளித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஜனாஸா வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிக்குப் போனதும் வீடு ஓய்ந்துவிட்டது. தெருவில் கலிமாச் சத்தம் தேய்ந்து மறைந்தது. புருசனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவுக்காக ஒதுக்கிய அறையில், சுவரோடு சாய்ந்து மர்ஷூதா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் லுஹர் பாங்கு சொன்னது. பெண்கள் ஒவ்வொருவராகக் குழாயடிக்குப் போனார்கள்.

பஹ்மா வந்து தாயின் முன்னால் குந்தினாள். வுளூ எடுத்த தண்ணீர் அவள் முகத்தில் இன்னும் காயவில்லை. எழுப்புவதற்காகத் தாயின் கையைப் பிடித்தவள் அப்படியே நின்றாள். மர்ஷூதாவின் வலக்கை நகங்களில், ஓரம் ஓரமாக, கரைந்து வந்து ஒட்டிய சிவப்பு காய்ந்திருந்தது.

"உம்மா, உங்கட கையிலயும் பிடிச்சிரிக்கி. மருந்து மிச்சம் இரிக்கி, கொண்டு வரவா?"

மர்ஷூதா கையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்க தொழுங்க மகள்" என்றாள். "லுஹருக்கு அஸர் வரைக்கும் நேரம் இரிக்கித்தானே."