அளவு எடுக்காத போர்வை

தர்காவில் அடக்கமாகியிருக்கும் அவுலியாவின் கபுறுக்குப் பச்சைப் போர்வை போடுவதாக நேர்ந்துகொண்டவள் அவன் மனைவி. மஞ்சள் காமாலை கண்டு அவன் படுத்த படுக்கையாகக் கிடந்த சமயம் அது. அவன் எழுந்துவிட்டான். நேர்ச்சையை நிறைவேற்றுமுன் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

மகள் கொடுத்த வாக்கு அந்தரத்தில் நிற்கிறதே என்று மாமியாருக்கு ஐந்து மாதமாகச் சோறு இறங்கவில்லை. தெருவில் அவனுக்கு ‘டிகிரி டெய்லர்’ என்று பெயர். படித்த படிப்புக்கு ஏற்ப ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தான், இறைவனிடம் நேராகவே கேட்கலாமே, நடுவில் ஒருவர் எதற்கு என்று.

“கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் மாப்பிள்ளை. ஆனா உங்களைப் பத்திக் கோள் சொல்ல ஒரு ஆள் வேணாமா?”

அவன் எழுந்து துணி வெட்டும் மேசைக்குப் போனான். கடையிலிருந்த நல்ல சாட்டினை வெட்டி, ஜரிகை வைத்து ஓரம் அடித்தான். இரண்டு பஸ் மாறிப் போனார்கள்.

தர்காவைப் பார்த்துக்கொள்பவர் தலைமாட்டிலிருந்து போர்வையை விரித்துக்கொண்டே வந்தார். முக்கால் தூரத்தில் துணி தீர்ந்துவிட்டது. அளவு கேட்டு வந்திருக்கலாமே தம்பி என்றார்.

ஒரு ஜாக்கெட்டுக்கே மூன்று முறை அளவு பார்ப்பவன், இதற்கு அளவே எடுக்கவில்லை. கத்தரி தானாகப் போய் நின்ற இடம் எதுவென்று இப்போதுதான் உறைத்தது. அதே மேசையில், மனைவியை அடக்கம் செய்யக் கஃபன் துணி வெட்டிய அளவு.

மாமியாருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவளே அவள்தான். நேர்ச்சை அரைகுறையாகிவிட்டதென்று அழப்போகிறாள் என்று பயந்தான். அவளோ கம்பித் தடுப்புக்கு வெளியே சாவகாசமாக உட்கார்ந்து, கூடப்பிறந்த அண்ணனிடம் முறையிடுவதுபோல் அவுலியாவிடம் ஆரம்பித்தாள். மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால்தான் பதில். கட்டிலில் அவள் தலையணை அப்படியே கிடக்கிறது, எடுக்க விடுவதில்லை.

“உங்களுக்குத் தைக்கச் சொன்னா அவளுக்குத் தைச்சு எடுத்துட்டு வந்திருக்கார். கோவிச்சுக்காதீங்க. நல்ல பிள்ளைதான்.”

வீட்டில் மகளின் பேச்சை எடுத்தால் இரண்டாவது வார்த்தையிலேயே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இங்கே தங்குதடையின்றி வந்தது.

அவன் குனிந்து, துணி முடிந்த இடத்திலிருந்து கால்மாடு வரை கையால் முழம் போட்டான். இன்னும் ஒன்றரை முழம். ஒட்டுத்துணி தைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரலாம் என்றான். அப்படியானால் மீதியை அடுத்த வாரம் சொல்லிக்கொள்வதாக மாமியார் அவுலியாவிடம் விடைபெற எழுந்தாள்.

அவன் கபுறைப் பார்த்தபடியே நின்றான்.

“மாமி, அந்தத் தலையணை மட்டும் இருக்கட்டும்னு அவர்கிட்ட சொல்லிடுங்க.”