காட்டில் தானாக முளைத்த லெவுஷ்தியான்

மலை விடுதி வாசலில் முதலாளி டிபேரியு 'காட்டில் தானாக முளைத்த லெவுஷ்தியான்' என்று பலகை எழுதி மாட்டியபோது சமையற்காரி வர்வாராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் செடி என்றைக்குக் காட்டில் முளைத்தது? ஓடைக்கு மேலே இடிந்து கிடக்கும் வனக்காவலர் வீட்டுக் கொல்லையில், தன் சூப்புக்கு வாசனை இலை வேண்டுமென்று அந்த மனிதர் நட்டு வைத்தது. ஆள் போன பிறகும் செடி போகவில்லை, அவ்வளவுதான். அதைப் பறிக்கப் புக்கரெஸ்டிலிருந்து காரேறி வருகிறவர்கள், புதர் முன்னால் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். சமையலறைக்குப் பின்னால், கோழிக்கூண்டை ஒட்டி வர்வாரா வளர்த்த அதே செடியை ஒரு ஜென்மமும் திரும்பிப் பார்த்ததில்லை.

டிபேரியு பன்னிரண்டு வருஷம் பட்டணத்தில் இன்ஷூரன்ஸ் விற்றவன். ஊர் திரும்பி இரண்டே வருஷத்தில் மலைமேதை ஆகிவிட்டான். வைக்கோல் தொப்பி, கழுத்தில் துண்டு, இடுப்பில் ஒரு கத்தி. வர்வாராவுக்கே சமையல் சொல்லிக் கொடுத்தான்.

"அக்கா, இலைய முதல்லயே போட்டுக் கொதிக்க விடுங்க. அப்பத்தான் சத்து இறங்கும்."

"கொதிச்சா வாசனை ஓடிடும் தம்பி. தவிட்டுப் புளிநீர ஊத்தி, அடுப்ப அணைச்ச அப்புறம்தான் இலை."

இதை விருந்தாளிகள் எதிரில் சொல்லிவிட்டாள். அவன் முகம் கறுத்தது. தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவ ஆளுங்க முன்னாடி என்னத் திருத்துனீங்கன்னா, அன்னைக்கே ஏப்ரனக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பலாம்" என்றான்.

வர்வாரா அடுப்படிக்குத் திரும்பினாள். மரம் வெட்டப் போய் இடுப்பொடிந்த புருஷன் கவ்ரில் வீட்டில் கிடக்கிறான். அந்தப் பள்ளத்தாக்கில் ஐம்பது தாண்டியவளைச் சேர்த்துக்கொள்ள வேறு அடுப்பு கிடையாது.

ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் சொரானா என்ற பத்திரிகைக்காரியும் இருந்தாள். அவளை அசத்திவிட வேண்டும் என்று டிபேரியு காலையிலிருந்து காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன்போல அலைந்தான். லெவுஷ்தியான் தண்டு உள்ளே குழலாக இருக்கும்; அதை நறுக்கி உறிஞ்சுகுழலாக்கி, பிளம் சாராயம் குடிக்கக் கொடுப்பதுதான் அவனுடைய பெரிய வித்தை. ஆனால் போன வார விருந்தாளிகள் வனக்காவலர் கொல்லைப் புதரை மொட்டையடித்துவிட்டார்கள். அதனால் தானே ஓடைக்குப் போய்த் தண்டு வெட்டி, இலையையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, ஒரு கட்டாகக் கொண்டுவந்தான்.

வர்வாரா சூப்புச் சட்டியோடு வெளியே வந்தபோது, ஆளுக்கொரு கோப்பை, கோப்பைக்கொரு தண்டு.

"நம்ம மலை குடுத்த குழல்" என்று டிபேரியு கையை விரித்தான். "பிளாஸ்டிக் இல்ல, ஒண்ணும் இல்ல."

தண்டில் ஊதாப் புள்ளிகள் தெறித்திருந்தன. லெவுஷ்தியான் தண்டில் ஏது புள்ளி? பக்கத்தில் போனதும் எலி மூத்திர நாற்றம் அடித்தது. குக்கூத்தா. தின்றவனைக் காலிலிருந்து மரத்துப்போக வைத்து, கடைசியில் மூச்சை நிறுத்துகிற விஷச் செடி. அந்த ஊரில் கன்றுக்குட்டி மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கவ்ரிலின் முகம் கண்ணில் வந்தது. சொரானா தண்டை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

சட்டியை மேசையில் வைத்துவிட்டு, வர்வாரா அந்தக் கோப்பையைப் பிடுங்கிப் புல்லில் கொட்டினாள்.

"யாரும் வாயில வைக்காதீங்க. இது லெவுஷ்தியான் இல்ல, குக்கூத்தா. தொட்ட கையக் கழுவுங்க."

"அக்கா, உள்ள போங்க" என்றான் டிபேரியு. விருந்தாளிகளிடம் திரும்பிச் சிரித்தான். "இவங்களுக்குத் தோட்டத்துச் செடிதான் தெரியும். காட்டுச் செடி கொஞ்சம் இப்படிப் புள்ளியாத்தான் இருக்கும்."

வர்வாரா அவனுடைய கோப்பையை எடுத்து அவனெதிரில் நீட்டினாள்.

"அப்ப நீங்க குடிங்க முதலாளி."

அவன் வாங்கிக்கொண்டான். ஆறு பேரும் அவனையே பார்த்தார்கள். தண்டை மூக்கருகே கொண்டுபோனான். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான்.

"எனக்கு... இன்னைக்கு வயிறு சரியில்ல" என்றான்.

எல்லாரும் கை கழுவ ஓடினார்கள். சொரானா மட்டும் போகிற போக்கில் சூப்புச் சட்டியைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"அதுல போட்ட இலை எங்க பறிச்சதுங்க?"

"கோழிக்கூண்டுப் பக்கம். இந்த வருஷம் பூரா அதுதான். பயப்படாம சாப்பிடுங்கம்மா."

வர்வாரா ஏப்ரனைக் கழற்றி, மேசையில் கிடந்த அவன் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவனே சொன்ன விதிதானே. பிறகு கோழிக்கூண்டுப் பக்கம் போய், மண்வெட்டியால் தன் செடியை வேரோடு தோண்டிச் சாக்கில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய் கவ்ரிலிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனாலும் கை நிற்கவில்லை.

டிபேரியு மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தான். "அக்கா, கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். நாளைக்கு எட்டு பேர் வர்றாங்க. அந்தச் செடியாவது விட்டுட்டுப் போங்க."

அவள் சாக்கைத் தோளில் ஏற்றினாள்.

"காட்டுலதான் தானா முளைக்குதே தம்பி. போய்ப் பறிச்சுக்க."