பல் டாக்டரின் ஒரிஜினல் டயர்கள்

பல் டாக்டருக்கு யாரைப் பார்த்தாலும் வயது சொல்லத் தெரியும். வாயைத் திறக்கச் சொல்வார், எட்டிப் பார்ப்பார், சொல்லிவிடுவார். வயதைக் குறைத்துச் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்ட சிலர் அவர் நாற்காலியில் மாட்டிக்கொண்டு, பல் வலியோடு வந்து குடும்ப வலியோடு திரும்பியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் காரின் டயருக்கு மட்டும் வயது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அவரே நம்பவில்லை.

கார் அவருடைய அப்பா வாங்கியது. அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. டாக்டர் அதைத் துடைக்கிற துடைப்பில், பானட்டில் வந்து உட்காரும் காக்கை தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று மரியாதையாகப் பறந்துவிடும். ஆனால் அவருடைய பெருமை பானட்டில் இல்லை; அதற்குக் கீழே இருந்தது.

"நாலு டயரும் ஒரிஜினல். வண்டியோட பொறந்தது. பட்டனைப் பாருங்க, ஒரு பல்லாவது தேஞ்சிருக்கா?" என்பார். பட்டன் என்றால் டயரின் மேல் தரையைப் பிடித்துக்கொள்ளும் மேடுகள். உண்மையிலேயே தேயவில்லை. வண்டி ஓடினால்தானே தேய்வதற்கு! பக்கவாட்டில் மட்டும் நெடுக வெடிப்பு விட்டிருந்தது. "அது அனுபவம். பெரிய மனுஷன் முகத்துல சுருக்கம் இருக்காதா?"

அந்த டயர்களின் உறுதியைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது. ஒருமுறை ஆணி மேல் ஏறியபோது பஞ்சர் ஆனது ஆணிதான். இன்னொருமுறை பல் வலியோடு வழியில் நின்ற ஒருவரை இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். கிளினிக் வந்து சேருவதற்குள் குலுங்கின குலுக்கலில் பல் தானாகவே கையில் வந்துவிட்டது. டாக்டர் நேர்மையானவர், தான் பிடுங்காத பல்லுக்குக் காசு வாங்கவில்லை.

இத்தனை புகழ் பெற்ற வண்டியில் அவருடைய மனைவி மட்டும் ஏறுவதில்லை. கிளினிக்குக் கீழேயே மருந்துக்கடை நடத்துகிறவர் அவர். தேதி தாண்டிய மாத்திரை அவரைப் பார்த்ததும் தானாகவே எழுந்து குப்பைக் கூடைக்கு நடந்து போகும் என்று பேச்சு. கல்யாணம், காட்சி என்று எங்கே போனாலும் டாக்டர் காரில் போவார், அம்மாள் பஸ்ஸில் போவார். முதலில் போய்ச் சேருகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படியே காலம் போயிருக்கும். அந்த வருஷம் பழைய கார்க்காரர்கள் சங்கத்தில், மலைக்கோயில் வரை போகும் அணிவகுப்புக்கு டாக்டரின் காரே முதல் வண்டி என்று முடிவாயிற்று. டாக்டருக்குத் தலை கால் புரியவில்லை. ஆனால் முதல் வண்டியில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் அது முன்பல் விழுந்த வாய் மாதிரி. ஊரே பார்க்கும்.

"இந்த ஒரு நாளாவது வாயேன்," என்று சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மலையேறிட்டு இறங்கவும் வேணும்ல? அந்த டயருக்கு என்னங்க வயசு?"

"பட்டனைப் பாத்தாலே தெரியலையா? குமரி மாதிரி இருக்கு."

"மாத்திரைகூடப் பாக்க வெள்ளை வெளேர்னுதான் இருக்கும். தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான். தேதியைக் காட்டுங்க, ஏறுறேன்."

"டயருக்கு ஏதும்மா தேதி?"

இருக்கிறது என்று சொன்னவன் மனைவியின் தம்பி. பழைய கார்ப் பைத்தியத்தில் டாக்டருக்குச் சளைத்தவனில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவன், "டயர் பக்கத்துலயே அச்சடிச்சிருப்பாங்க அத்தான்," என்றான். நாலு டயரையும் சுற்றி வந்தார்கள். வெளிப்பக்கம் ஒன்றும் இல்லை.

"அப்ப உள்பக்கம் இருக்கும். ஆனா நான் வண்டிக்கு அடியில நுழைஞ்சா என்னை எடுக்க வண்டியைத்தான் தூக்கணும்," என்று தன் வயிற்றைத் தடவிக்கொண்டான் தம்பி.

டாக்டர் உள்ளே போய்த் தன் ஆயுதங்களோடு வந்தார். நெற்றியில் விளக்கு, கையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. முன் சக்கரத்தை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டு, பாயை விரித்து மல்லாந்து படுத்தார். "கொஞ்சம் பெரிசாத் திறங்க," என்று பழக்க தோஷத்தில் டயரிடமும் சொன்னார்.

"ஆங், கெடைச்சிருச்சு! மூணு எண். ஒண்ணு, எட்டு, நாலு."

"முதல் ரெண்டும் வாரம் அத்தான். பதினெட்டாவது வாரம். கடைசி எண் வருஷம். நாலுல முடியுற வருஷம்."

"அறுபத்து நாலு!" டாக்டர் துள்ளி எழுந்ததில் தலை வண்டியின் அடிவயிற்றில் இடித்தது. அந்த அதிர்ச்சியில், ஆறு மாதமாக ஓடாத வண்டியின் கடிகாரம் ஓடத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். "நான் சொன்னேனா இல்லையா? வண்டியோட பொறந்தது! ஊரைக் கூப்பிடு!"

"இருங்க," என்றார் மனைவி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முக்காலியைச் சக்கரத்தருகே போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை வாங்கி, மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் பார்க்கிற பார்வையோடு பார்த்தார்.

"ஏன்டா தம்பி, அந்த நாலுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு முக்கோணம் இருக்கே, அது எதுக்கு?"

தம்பி குனிந்து பார்த்தான். நிமிரவில்லை.

"வாயில என்னடா கொழுக்கட்டையா?" என்றார் டாக்டர்.

"அத்தான், கோச்சுக்காதீங்க. முக்கோணம் போட்டா அது தொண்ணூறுகள்ல செஞ்சது. இது தொண்ணூத்தி நாலு. அறுபத்து நாலுல டயர்ல இப்படித் தேதியே போட மாட்டாங்க."

மற்ற மூன்றிலும் பார்த்தார்கள். அதே எண், அதே முக்கோணம். ஒரிஜினல் என்று சொல்லிக்கொள்ள வயது போதாது, ஓட்டுவதற்கோ வயது மிஞ்சிவிட்டது. டாக்டர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். பல்லைப் பார்த்து வயது சொல்கிறவர், பல் செட்டைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்! வெளியே தெரிந்தால் கிளினிக் நாற்காலியில் இனி யார் வாயைத் திறப்பார்கள்?

"உங்கப்பா உங்ககிட்ட சாவியைக் குடுத்தது எப்போ?" என்றார் மனைவி.

"தொண்ணூத்தஞ்சு. ஏன்?"

"முந்தின வருஷம் நாலு டயரும் மாத்தியிருக்கார். தான் ஓட்டினவரைக்கும் பழசு போதும்னு இருந்தவர், புள்ளை கையில குடுக்கறப்போ புதுசாப் போட்டுக் குடுத்திருக்கார். நீங்க அதை முப்பது வருஷமாத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கீங்க."

டாக்டர் டயரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கொல்லென்று சிரிக்கப்போன தம்பி வாயை மூடிக்கொண்டான்.

"எங்கப்பா," என்றார் டாக்டர் கடைசியில், "எனக்காக நாலு டயரும் மாத்தியிருக்கார்டா!" கீழே விழுந்த பெருமை எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வேறு நாற்காலியில் உட்கார அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. "அவர் புள்ளை நான். நானும் மாத்துவேன். கிளம்பு, டயர் கடைக்கு."

அந்த அளவு டயர் ஒரே கடையில்தான் கிடைக்கும். கடைக்காரர் பரணிலிருந்து நான்கை இறக்கி, தூசியைத் தட்டினார். "புத்தம் புதுசு சார். சுத்தின பேப்பரைக்கூடப் பிரிக்கல."

அம்மாள் பேப்பரைப் பிரித்தார். இப்போதெல்லாம் நான்கு எண். கடைசி இரண்டு வருஷம். "ஏழு வருஷமாச்சேப்பா இது பொறந்து?"

"ஒரு நாள்கூட ஓடலம்மா!"

"நம்ம கடையில ஏழு வருஷமா விக்காத மருந்தை, யாரும் தொடல, புதுசுதான்னு சொல்லிக் குடுத்தா நீங்க சாப்பிடுவீங்களா?"

கடைக்காரர் டயரைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், மறுபடியும் பேப்பரைச் சுற்றினார். "கம்பெனிக்குச் சொல்லி வரவழைக்கிறேம்மா. நீங்களே வந்து தேதி பாத்து எடுத்துக்குங்க."

சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்து நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் வீட்டுக்காரி," என்றார் டாக்டர். அவர் கேட்கவே இல்லை.

அணிவகுப்புக்கு முந்தின வாரம் புது டயர்கள் வந்து, அம்மாள் பார்த்துத் தலையசைத்த பிறகே ரிம்மில் ஏறின. கழற்றிய பழைய டயரைத் தட்டினால் தேக்குக் கதவைத் தட்டிய சத்தம் வந்தது. உள்ளே இருந்து யாரோ 'யாரது?' என்று கேட்டதாக மெக்கானிக் சொன்னார். அவர் பொய் பேசுகிறவர் இல்லை.

அணிவகுப்பு நாள் காலை. வண்டிகளுக்கு மதிப்பெண் போடுகிறவர் முதல் வண்டியருகே வந்து குனிந்தார். எல்லாம் அசலாக இருக்கிற வண்டிக்குத்தான் கேடயம். "என்ன டாக்டர், டயர் பளபளக்குது? ஒரிஜினல் என்ன ஆச்சு?"

"புதுசு," என்றார் டாக்டர், கடைசி வண்டிக்காரருக்கும் கேட்கும்படி. "ரெண்டு மாசக் குழந்தை. இவ தேதி பாத்து எடுத்தது."

"அப்ப மார்க் குறையுமே?"

"தாராளமாக் குறைச்சுக்குங்க. எல்லாரும் வண்டியில கேடயத்தைத்தானே வெச்சுக்கிட்டுப் போறாங்க? நான் இவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். மனைவி டயரை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். சாலையின் இரண்டு பக்கமும் ஊர் நின்றுகொண்டிருந்தது. வண்டி குலுங்காமல் நகர்ந்தது.

"என்னங்க, இந்தக் கண்ணாடியை இறக்கி விடுங்க," என்றார் அவர். "எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."