வலப்பக்கம் இருப்பவருக்கு நன்றி

இலை உதிரும் மாதத்தில் கிடைக்கும் ஒரு வார விடுமுறை எங்கள் வீட்டில் நன்றி சொல்லும் வாரம். கடைசி நாள் மதியம் நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வலப்பக்கம் இருப்பவருக்கு ஆளுக்கொரு நன்றி சொல்வோம். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, போட்ட சட்டம். "சமைச்சதுக்கு நன்றி, துவைச்சதுக்கு நன்றின்னு ஒப்பிக்கறதுக்கா லீவு விட்டிருக்கான்?" என்பார்.

என் கணவரோடு நாங்கள் அப்படி உட்கார்ந்த கடைசி விடுமுறை அது.

அண்ணி தொடங்கினார். அவருக்கு வலப்பக்கம் எங்கள் மகள். ஒன்பது வயது, வீட்டில் 'வாலு'.

"என் கண்ணாடிய உடைச்சுட்டு, நான்தான் உடைச்சேன்னு நீயே வந்து சொன்னியே, அதுக்கு நன்றிடி."

"அத்தை! அது ரகசியம்!"

"ரகசியத்தைத்தானே இங்க சொல்லணும்? நல்லா மாட்டுனியா?"

எல்லோரும் சிரித்தோம். வாலு அப்பா பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல உங்க கையிலேர்ந்து சாவி விழுந்துச்சுல்ல? எடுக்கவே முடியலல்ல? அம்மாகிட்ட சொல்லாம இருப்பியான்னு என்னை நம்பிக் கேட்டீங்களே, அதுக்கு நன்றி."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் இருட்டில் நின்றுகொண்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போல்ட்டை முடுக்க வேண்டும். மறுநாள் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டைத் தூக்கும் கம்பிவடம் மாற்றப் போவதாகச் சொல்லியிருந்தார். கருவிப் பை அப்போதே வாசலில் தயாராக இருந்தது.

இரண்டு வாரமாகச் சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொன்னார். "கல்யாணமாகி பன்னெண்டு வருஷம் கழிச்சு என்ன புதுசா கொஞ்சல்?" என்று கேலி செய்துகொண்டே போட்டுவிட்டிருந்தேன்.

"இவகிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே மைக் வச்ச மாதிரி," என்று சிரித்தபடி அவர் வலது கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். பிறகு என் பக்கம் திரும்பி எனக்கு நன்றி சொன்னார். எதற்கென்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அந்தக் கை போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகாதீர்கள் என்றால் போவார். காய்ச்சலோடும் வேலைக்குப் போனவர் அவர்; தடுத்தால் வீம்பு ஏறும்.

என் முறை வந்தது. நான் நன்றி சொல்ல வேண்டியது அண்ணிக்கு. ஆனால் இடப்பக்கம் இருந்த என் கணவரைப் பார்த்துத் திரும்பினேன்.

"ஏய், இந்தப் பக்கம்! வரிசை தப்புது," என்றார் அண்ணி.

"நாளைக்கு வேலைக்குப் போகாம டாக்டர்கிட்ட போனீங்களே, அதுக்கு நன்றி," என்றேன்.

"நாளைக்கு இன்னும் வரவே இல்லையேம்மா," என்றாள் வாலு.

அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வீம்பைத் தேடினேன், இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

இடது கையால் போனை எடுத்து, எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினார்.

"சார், நாளைக்கு வேற ஆளப் போடுங்க... இல்ல சார், காய்ச்சல் இல்ல. வலது கை பிடிக்க மாட்டேங்குது. ரெண்டு மாசமாவே."

ரெண்டு மாசம். அது வாலுவுக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

வாலு என் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டாள். "நான் தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்லடி," என்றேன்.

அண்ணி எழுந்துபோய், தம்பியின் வலது கையை மேலே எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கினார். "பிடிடா," என்றார். "பிடி பாப்போம்."

அந்த விரல்கள் மடங்கவில்லை.